உங்களுக்குத் தெரியுமா? பொய்க்குப் பரிகாரமான பொய்

கிழக்கு பெர்லினில் பிறந்த யோகென் அலெக்சாண்டர் ஃப்ரைடாங்க் இயக்கிய, ‘பொம்மை நாடு’ எனப் பொருள்படும் ‘ஸ்பீல்சாய்க்லான்ட்’ (2007) என்னும் 14 நிமிட ஜெர்மன் படம், 40 நிமிடத்துக்கு மேற்படாத கதைப்படங்களுக்குரிய ஆஸ்கர் விருதை 2009-இல் வென்றது. 1942-இல், நாஜிகளால் நாடுகடத்தப்படவிருந்த யூத அண்டைவீட்டார் பொம்மை நாட்டுக்குப் போவதாகத் தாய் ஒருத்தி தன் மகனிடம் சொன்ன பொய்யை நம்பி, அவனும் உடன்செல்ல விரும்பிக் காணாமற்போகிறான். பதறித் தேடி ரயில் நிலையம் சென்று சரக்குப் பெட்டியைத் திறக்கச் செய்யும் அவள், உள்ளே தன் மகன் இல்லாதபோது, அங்கு நின்ற அண்டைவீட்டுச் சிறுவன் டேவிட்டைத் தன் பிள்ளை என்று கூறி மீட்டுவருகிறாள். குற்றவுணர்வை நீண்ட வசனங்களால் விளக்காமல் இந்த ஒரே செயலில் வெளிப்படுத்தியதே இயக்குநரின் பெருந்திறன். நிகழ்வுகளைக் கால வரிசை மாற்றி அடுக்கும் நேர்கோடற்ற கதைசொல்லலும், பார்வையாளரை அத்தாயின் அச்சத்திலேயே நிறுத்திவைக்கிறது.