லேசர் பட்ட கருவிழியும் கரிசல் தூசியும்

தை பிறந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் மக்காச்சோளம் அடிக்கும் மிஷின் சத்தம்தான். சக்கையும் தூசியும் பறக்கிற அந்த இடத்தில், சில மாதங்களுக்கு முன் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிய இளைஞர் சாக்குப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா? 'தூசி படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று ஆஸ்பத்திரித் துண்டுத்தாளில் ஒரு வரி இருக்கும். கரிசக்காட்டில் அந்த ஒரு வரிக்குள் பாதி வருஷம் அடங்கிவிடும்.

கருவிழியில் குறைவது என்ன?

கருவிழிப்படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன், அதாவது 500 மைக்ரானுக்குச் சற்று மேல். கிட்டப்பார்வைக்கு லேசர் செய்வதென்றால் அதன் நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்குவதுதான். ஒரு பாயின்ட் பவருக்கு 12 முதல் 15 மைக்ரான் போகும். லேசிக் முறையில் இதற்கு முன்பே 100, 120 மைக்ரான் தடிமனில் மேல்மூடி ஒன்றை வெட்டித் திறக்கிறார்கள். மேல்தோல் மறுபடி வளரும். செதுக்கிய உள்பகுதி வளராது.

கணக்கு எளிது. 520 மைக்ரான் உள்ளவருக்கு மைனஸ் 5 என்றால் மூடிக்கு 110, செதுக்க 70 போக 340 மிஞ்சும். 480 மட்டுமே உள்ளவருக்கு மைனஸ் 9 என்றால் 250கூட நிற்காது. 250 மைக்ரானாவது மிஞ்சவேண்டும் என்பது பழைய வரம்பு. இப்போது பலரும் 300 கேட்கிறார்கள். அதற்குக் கீழே போனால் கருவிழி வலுவிழந்து முன்னே பிதுங்கலாம். கண்ணை ஓயாமல் கசக்குகிறவர்களுக்கும் அந்த அபாயம் உண்டு. ஸ்கேனில் வடிவம் சரியில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பினால் வேறு ஆஸ்பத்திரி தேடி அலையாமல், அவருக்கு நன்றி சொல்லலாம்.

இந்த லேசருக்குப் பின்னால் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1981இல் விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பையும் சதையையும் கொண்டுவந்து எக்சைமர் லேசரைக் காட்டிப் பார்த்தார். சுற்றுப்புறம் கருகாமல் வெட்டு விழுந்தது.

உறுத்தாத தூசி

மூடி வெட்டும்போது கருவிழியின் நரம்புகளும் அறுபடுகின்றன. அவை மறுபடி வளர ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகலாம். அதுவரை கண் வறளும், உணர்ச்சியும் மந்தம். தூசி விழுந்தது சட்டென்று தெரியாது என்பதுதான் இங்கே கவலை.

1994இல் கருவிழிப் புண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். சுமார் 65 சதவீதம் பேருக்கு முதலில் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சை. இவர்கள் லேசர் செய்தவர்கள் அல்லர், பெரும்பாலும் காட்டுவேலை பார்த்தவர்கள். ஆனால் லேசர் செய்தவரும் அதே காட்டுக்குத்தான் திரும்புகிறார், அதுவும் கண்ணாடி இல்லாமல். இத்தனை வருஷமும் அந்தக் கண்ணாடி பார்வைக்கு மட்டுமா இருந்தது? பாதித் தூசியை அதுதானே தடுத்தது! பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது. உமி விழுந்தால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாக்கால் எடுப்பது எதுவும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, பூஞ்சைப் புண்ணை மோசமாக்கும்.

வெட்டிய மூடி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே பழைய பிடிப்பு வராது. பல வருஷம் கழித்து அடிபட்டு விலகியதுண்டு. கபடி ஆடுகிறவரும் கதிரடிக்கிறவரும் மூடியே இல்லாத பி.ஆர்.கே. முறை தமக்குப் பொருந்துமா என்று முதலில் கேட்கவேண்டும். அதில் சில நாள் வலியும் மங்கலும் கூடுதல். வெயில் பட்டால் படலம் வெளுக்கக்கூடும் என்பதால் சில மாதம் கூலிங்கிளாஸ் தேவை.

பார்வை

நாற்கர சாலையில் இரவில் வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வரத்தான் செய்யும்; லேசர் அதைத் தடுப்பதில்லை. கிட்டப்பார்வையில் நீண்டுபோன கண் நீண்டபடியே இருப்பதால் விழித்திரைப் பரிசோதனையும் தொடரவேண்டும்.

பழைய தாள்

ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க: உதவி லோகோ பைலட் அறிவிப்புகளில் லேசிக் செய்தவர்களுக்குத் தகுதியில்லை என்றே இருக்கிறது. ஸ்கேனில் லேசர் பட்ட கருவிழி மறைவதில்லை.

மற்றப் பரிசோதனைகளிலும் அது குறுக்கிடும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நீர் அழுத்த நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். புரை ஆபரேஷனிலும் அளவு தவறலாம். இதே கரிசலில் அயன் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கியதே புரைக் குருட்டை ஒழிக்கத்தான். இன்று புரையை எடுத்ததும் லென்ஸ் வைக்கிறார்கள். அதன் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துக் கணக்கிடுவதால், லேசர் செய்தது தெரியாவிட்டால் லென்ஸ் தப்பிவிடும். லேசருக்கு முந்தைய பவர், வளைவு, தடிமன் எழுதிய தாளை ரேஷன் கார்டு, பட்டா இருக்கும் பைக்குள்ளேயே வைத்துவிடலாம். போனிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, புரைக்குப் போகும்போது டாக்டர் கேட்காவிட்டாலும் காட்டவேண்டும்.