இழைய உருவாக்கமும் உயிர்விசைக் கொள்கையும்

1891இல் ஜேர்மனிய உயிரியலாளர் ஹான்ஸ் டிறீஷ் கடல்முள்ளெலியின் இருகல முளையத்தைக் குலுக்கிப் பிரித்தார். பிரிந்த கலம் பாதியுடலாகாது, சிறியதெனினும் முழுமையான குடம்பியாக வளர்ந்தது. எந்தப் பொறியும் இவ்வாறு இயங்காதெனக் கருதிய அவர், பின்னர் பொருள்சாராத உயிர்விசையொன்றில் விளக்கந் தேடினார். அறிவு தடைப்பட்ட இடத்திற் கருத்துமுதல்வாதம் புகுந்ததை நாம் இங்கு காண்கிறோம்.

அத்தடை பரிசோதனையாலேயே நீங்கியது. ஹான்ஸ் ஸ்பேமானும் ஹில்டே மங்கோல்டும் 1924இல் வெளியிட்ட ஆய்வில், ஈரூடக விலங்கான நியூற்றின் முளையத்து முதுகுப்புற இழையத்துண்டொன்று வேறொரு முளையத்தின் வயிற்றுப்புறத்தில் ஒட்டப்பட்டது. அங்கு இரண்டாவது உடலச்சு தோன்றிற்று. தோலாகவேண்டிய கலங்கள் அயலின் தூண்டலால் நரம்பிழையமாயின. கொல்லப்பட்ட இழையமுங்கூட இவ்வாறு தூண்டுவது 1932இல் தெரியவந்தது. இறந்த இழையத்தில் உயிர்விசை ஏது? 1992இல், இவ்வகை இழையத்தில் உருவாகும் 'நொகின்' என்னும் புரதம் தவளை முளையத்தில் இனங்காணப்பட்டது. கலங்களைத் தோலாக்கும் சைகையை அது தடுப்பது பின்னர் நிறுவப்பட்டது.

எனவே, கலத்தின் கதி அதன் உள்ளமைப்பால் மட்டுமன்றி, அயற்கலங்களுடனான உறவாலும் அவ்வுறவின் வரலாற்றாலும் தீர்மானிக்கப்படுகின்றது. இம்முடிவைச் சமுதாயத்துக்கு அப்படியே பொருத்துவது இயந்திரப்பாங்கானது. ஆயினும், விளங்காதவற்றுக்கான விடையைப் பொருளுலகுக்கு அப்பால் தேடவேண்டியதில்லை என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானதென்றே நாம் கருதுகிறோம்.