உங்களுக்குத் தெரியுமா? அத்தி வருடத்துக்குப் பல தடவை பூக்கிறது!

எப்போதோ நடப்பதை அத்தி பூத்தாற்போல என்கிறோம். ஆனால் அழகர்மலை ஓடையோரத்து அத்தி வருடத்துக்குப் பல தடவை பூக்கும். பூக்கள் காய்க்குள் இருப்பதால்தான் கண்ணில் படுவதில்லை. பிஞ்சைப் பிளந்தால் உட்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான பொடிப்பூக்கள். கொசுவிலும் சிறிய பெண்குளவி ஒன்று நுனித்துளை வழியே நெருக்கிக்கொண்டு நுழையும். அதில் சிறகே ஒடிந்துபோகும். உள்ளே மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும்.

தர்மத்தையும் ஜெபத்தையும் அந்தரங்கத்தில் செய்யச் சொல்லும் மத்தேயு 6ஆம் அதிகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. மரத்தில் வேதபாடம் தேடுவது வலிந்து செய்யும் வேலை என்று சிலர் சொல்லலாம். காட்டுப்பூக்களைக் கவனிக்கச் சொல்வதும் அதே அதிகாரம்தான். இன்னொரு கேள்வி கனமானது. நற்செயல்களைப் பிறர் காணவேண்டும் என்கிறதே முந்தைய அதிகாரம்? அத்தியையே பாருங்கள்: பூதான் மறைவில். பழமோ அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய், குரங்குக்கும் வௌவாலுக்கும் எட்டும்படி வெட்டவெளியில். எரிகோவில் இயேசுவைப் பார்ப்பதற்காகக் குள்ளனான சகேயு ஏறிய காட்டத்தியும் இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் தண்டிலேயே காய்க்கும். அவன் மனம் எந்த நொடியில் மாறியது என்று லூக்கா 19ஆம் அதிகாரம் சொல்லவில்லை. ஊரார் முறுமுறுக்க, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாக அவன் எழுந்து நின்று அறிவித்ததைத்தான் சொல்கிறது.