விதி என்னும் நீதிபதி

பலர் கூடி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, கூடியவர்களின் நேர்மையைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். அவர்களுடைய அபிப்பிராயங்களை ஒன்றுசேர்க்கும் விதியும் ஒரு நீதிபதியாகவே அங்கே வீற்றிருப்பதைக் கவனிப்பதில்லை. இதை எண்களால் விளங்கவைத்தவர், பிரெஞ்சுக் கடற்படையில் பணிபுரிந்த கணித அறிஞர் போர்தா. 1770-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அவர் எடுத்துரைத்த உதாரணம் எளியது.

மூன்று அபேட்சகர்கள், வாக்காளர் 21 பேர். முதலாமவருக்கு 8 வாக்கு, இரண்டாமவருக்கு 7, மூன்றாமவருக்கு 6 என்றால், முதலாமவர் வென்றார் என்று சபை கலைந்துவிடும். ஆனால் எஞ்சிய 13 பேரும் அவரையே மூவரிலும் கடைசியாக மதித்திருந்தால்? ஒவ்வொருவரும் மூவரையும் வரிசைப்படுத்தி எழுதட்டும், முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1 என்று புள்ளி இடுவோம் என்றார் போர்தா. அவருடைய உதாரணத்தில், மூன்றாமவரை முதலிடத்தில் வைக்காத 15 பேரில் 14 பேர் அவரை இரண்டாவதாக வைத்திருந்தபடியால் அவருக்கு 47 புள்ளிகள் சேர்ந்தன. இரண்டாமவருக்கு 42, முதலாமவருக்கு 37. வரிசை அப்படியே தலைகீழாயிற்று!

மதிப்பிட வேண்டிய குணாம்சங்களும் பலவாகிவிட்டால் சிக்கல் இன்னும் பெருகும். பல நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஒவ்வொரு நாட்டிலும் இசை வல்லுநர்கள் குரல்வளம், பாடலின் புதுமை, மேடைத்திறன் முதலியவற்றைச் சீர்தூக்குகிறார்கள். எதற்கு எவ்வளவு மதிப்பு என்று ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் ஒரு சிறு தேர்தல் நடந்தாக வேண்டும். அவர்களுடன் லட்சக்கணக்கான நேயர்களும் தொலைபேசி மூலம் வாக்களிக்கிறார்கள். 2016-இல் ஸ்டாக்ஹோமில் வல்லுநர்கள் ஆஸ்திரேலியாவுக்கு 320 புள்ளிகளும், நேயர்கள் ரஷ்யாவுக்கு 361 புள்ளிகளும் அளித்து முதலிடம் தந்தார்கள். இரு சாராரிடமும் இரண்டாவதாக நின்ற உக்ரைன் பாடகி ஜமாலாவோ 211-உம் 323-உம் சேர, 534 புள்ளிகளுடன் வெற்றி பெற்றார். பலருக்கு இது விபரீதமாகத் தோன்றியது. எனக்கோ, இரு சாராருக்கும் உவப்பானவரை இனங்கண்ட நல்ல முடிவாகவே படுகிறது.

மூவரோ அதற்கு மேற்பட்டவரோ போட்டியிடும்போது, தனித்தனி வரிசைகளிலிருந்து ஒரு பொது வரிசையை அமைக்கும் எந்த விதியாலும், நியாயமெனத் தோன்றும் நிபந்தனைகள் அனைத்தையும் ஒருங்கே நிறைவேற்ற இயலாது என்பதைக் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1951-இல் நிறுவிவிட்டார். ஆகவே எந்த விதியைக் கொள்வது என்பதும் ஒரு தீர்ப்பே. ஸ்டாக்ஹோம் முடிவும் 2016-இல் புகுத்தப்பட்ட புதிய விதியின் விளைவே. வல்லுநர் வரிசையையும் நேயர் வரிசையையும் அந்தந்த நாட்டிலேயே கலந்து, அதன்பின் புள்ளி இடும் பழைய முறை நீடித்திருக்குமானால், அதே பாடல்களுக்கு அதே மக்கள் அளித்த அதே வரிசைகளைக் கொண்டே ஆஸ்திரேலியா வென்றிருக்கும்.