ஒரு விரல் சுண்ணாம்பு தவறினால் பதநீர் கள்ளாகும்! பனையேறியின் கலயத்துக்குள் நடப்பது என்ன?

தூத்துக்குடி:

கோடை காலத்தில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போகிறவர்கள் ரோட்டோரம் மொபட்டில் கேனைக் கட்டி வைத்து பதநீர் விற்பதைப் பார்த்திருப்பார்கள். பச்சைப் பனை ஓலையைப் பட்டையாக மடக்கி அதில் ஊற்றித் தருவார்கள்.

"அண்ணாச்சி, இனிப்பா இருக்கா... புளிப்பு ஏறிட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பலரும் பட்டையை வாங்குவார்கள்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்த இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவில்தான் பனையேறியின் பிழைப்பு இருக்கிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் இறங்குவது கள். முன்னதற்கு சந்தையில் விலை உண்டு. பின்னதற்கு போலீசில் வழக்கு உண்டு.

இது எப்படி நடக்கிறது?

பீருக்கு வேலை, கள்ளுக்கு வேலையில்லை

பீர் தானாக வந்துவிடாது. பார்லி தானியத்தை ஊற வைத்து முளை கட்டி, காய வைத்து உடைக்க வேண்டும். பிறகு சுமார் 65 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்தால்தான் தானியத்தில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சாறை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஈஸ்ட் போட்டு, ஒன்றிரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1978-ல் கொண்டு வந்த சட்டத்துக்குப் பிறகு இதை வீட்டிலேயே செய்கிறார்கள். 2 பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு வரியில்லாமல் தயாரிக்கலாம். விற்கக் கூடாது.

பனைக்கு இந்த வேலை எதுவுமே கிடையாது. பாளையில் இருந்து சொட்டும் சாற்றில் 100-க்கு 10 முதல் 12 பங்கு வரை சர்க்கரை ஏற்கனவே இருக்கிறது. ஈஸ்டையும் யாரும் போட வேண்டாம். அது காற்றில் இருக்கிறது, பாளையில் இருக்கிறது, தேனுக்கு வரும் ஈ, வண்டின் காலில் இருக்கிறது, நேற்றைய கலயத்தின் உட்சுவரிலும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

சாறு சொட்ட ஆரம்பித்த சில மணி நேரத்திலேயே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச்சத்தையும் வாயுவையும் வெளியே விடும். நுரை தள்ளும். இதுதான் கள். ஒரு நாள் கழிந்தால் போதை சுமார் 4 முதல் 6 சதவீதம் வரை ஏறும். ஏறக்குறைய சாதாரண பீர் அளவுதான். அதற்கு மேலும் விட்டு வைத்தால் வேறு கிருமி புகுந்து காடியாகப் புளிச்சுப் போகும். குடிக்கவும் ஆகாது, காய்ச்சவும் ஆகாது.

சுண்ணாம்பு செய்யும் வேலை

இதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு. பனையேறியின் இடுப்பில் அரிவாளோடு சேர்த்து சுண்ணாம்பும் தொங்கும். மரத்தில் ஏறியதும் நிரம்பிய கலயத்தை இறக்கி, சாற்றைக் குடுவையில் ஊற்றிவிட்டு, காலிக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவி மறுபடியும் பாளையில் கட்டுவார்.

சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. ஈஸ்ட்டுக்கு லேசான புளிப்புதான் பிடிக்கும். காரம் ஏறிய சாற்றில் அதனால் தலைதூக்க முடியாது. சர்க்கரை அப்படியே நிற்கும். இனிப்பும் நிற்கும்.

அளவு முக்கியம். குறைவாகத் தடவினால் மத்தியானத்துக்குள் நுரை கட்டும். அதிகமாகத் தடவினால் நாக்கில் காரும், காய்ச்சினாலும் கருப்பட்டியின் ருசி கெடும். இதற்கு அளவுக்கரண்டி கிடையாது. விரல்தான் கணக்கு. வெயில் கடுமையாக இருக்கும் நாளிலும், மழைத்தண்ணீர் கலயத்தில் விழும் நாளிலும் அந்தக் கணக்கு மாறும்.

தென்னையில் இறக்கும் நீராவுக்கு 2017-ல் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. அதில் சுண்ணாம்புக்குப் பதில் ஐஸ் பெட்டிக்குள் சாற்றை இறக்கும் முறை இருக்கிறது. குளிரிலும் ஈஸ்ட் முடங்கிவிடும். வேலை ஒன்றுதான், வழி வேறு. ஆனால் 50 அடி உயரப் பனையில் மரத்துக்கு மரம் ஐஸ் பெட்டி கட்டுவது சாதாரண பனையேறிக்குக் கட்டுப்படியாகாது.

ஏறப் பழகுவது எப்படி?

பனையேறும் தொழிலில் 3 பாடம் உண்டு. முதல் பாடம் ஏறுவது. காலில் தளைநார் மாட்டி, உயரம் குறைந்த மரத்தில்தான் பழகுவார்கள். 2-வது பாடம் பாளையைப் பதப்படுத்துவது. வெளியே வந்த பாளையை மரக்கடிப்பால் பக்குவமாக நசுக்கி, சில நாள் தொடர்ந்து இடுக்கி விட்டால்தான் சாறு ஊறும். ஆண் பனைக்கு ஒரு பக்குவம், பெண் பனைக்கு வேறு பக்குவம்.

3-வது பாடம் சீவுவது. காலையும் மாலையும் பாளையின் நுனியை மெல்லிய இழையாகச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் சீசன் முடியும் முன்பே பாளை தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். ஒருநாள் காய்ச்சல் என்று வீட்டில் படுத்தால்கூட மரம் காத்திருக்காது. இதனால்தான் சீசனில் பனையேறிக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, திருவிழாவும் கிடையாது.

ஒவ்வொரு மரத்திலும் இப்படி தினமும் 2 தடவை ஏறி இறங்க வேண்டும். கால் வழுக்கினால் உயிருக்கே ஆபத்து.

கருப்பட்டி கட்டியாகாது

பதநீர் கீழே இறங்கியதும் வேலை வீட்டுப் பெண்களின் கைக்கு வருகிறது. விடிலி எனப்படும் ஓலைக் குடிசையில் பெரிய சட்டியில் ஊற்றி, காய்ந்த ஓலையையும் மட்டையையும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவதும் உண்டு. பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. 1 கிலோ கருப்பட்டிக்கு சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும்.

இங்கேதான் காலையில் தடவிய சுண்ணாம்பின் கணக்கு தெரியும். புளிப்பு ஏறிய சாற்றில் சர்க்கரை உடைந்து போயிருக்கும். எவ்வளவு விறகு எரித்தாலும் பாகு இறுகாது. பிசுபிசுவென்று சிரட்டையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சில கலயம் புளித்தது தெரியாமல் சட்டியில் கலந்துவிட்டால், மற்ற மரத்துப் பதநீரும் சேர்ந்து கெடும். ஏறிய கூலி, எரித்த விறகு, பெண்களின் ஒருநாள் பாடு எல்லாம் வீண்.

சட்டம் சொல்வது

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ம் ஆண்டைச் சேர்ந்தது. ராஜாஜி ஆட்சியில் அந்த ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி சேலம் மாவட்டத்தில் முதலில் மதுவிலக்கு வந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்த்தப்பட்டது. மறுபடி மூடுவதும் திறப்பதுமாக இருந்து, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது.

பீரும் பிராந்தியும் மட்டும் கடையில் விற்கப்பட்டன. 2003-ல் அந்தச் சில்லரை விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே ஏற்றது. பக்கத்து கேரளாவில் லைசென்சு பெற்ற கள்ளுக்கடைகள் நடக்கின்றன. "பீர் விற்கலாம், கள் விற்கக் கூடாதா?" என்ற கேள்வி இதனால்தான் தென் மாவட்டங்களிலும் கொங்கு பகுதியிலும் திரும்பத் திரும்ப எழுகிறது. 2025 ஜூன் மாதம் நாம் தமிழர் கட்சி ஒருங்கிணைப்பாளர் சீமான் திருச்செந்தூர் அருகே பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கிப் போராட்டம் நடத்தினார்.

தடை வேண்டும் என்பவர்களும் காரணம் சொல்கிறார்கள். கிராக்கி கூடினால் தண்ணீரையும் தூக்க மருந்தையும் கலந்து விற்பார்கள், கூலிக்காரன் சம்பளம் கடையிலேயே கரையும் என்பது அவர்கள் வாதம்.

இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தினமும் மரம் ஏறுகிறவருக்கு விஷயம் ஒன்றுதான். சுண்ணாம்பு போட்டு இறக்கும் பதநீருக்கு மட்டும்தான் சட்டம் வழி விட்டிருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு இல்லை என்றால் மறந்து போனேன் என்று சொல்லித் தப்புவது கஷ்டம்.

மெத்தனால் வேறு

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் 60-க்கும் மேற்பட்டவர்கள் விஷ சாராயம் குடித்து இறந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளிலும் இதுபோல உயிர்கள் போயின. அங்கெல்லாம் ஆளைக் கொன்றது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். பதநீர் புளிப்பதால் அந்த விஷம் உண்டாவதில்லை. மனிதர்கள் கொண்டு வந்து கலந்தது அது. அதைக் குடித்தவருக்கு வாந்தி, வயிற்று வலி, பார்வை மங்கல் வந்தால் ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மோர் கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருந்தால் கண்ணும் போகும், உயிரும் போகும்.

வாங்கும்போது கவனிங்க

பதநீரைக் காலையிலேயே வாங்கிக் குடிப்பது நல்லது. மேலே பொடி நுரை விடாமல் கிளம்பினாலோ, புளிச்ச வாடை அடித்தாலோ வேண்டாம். ஊருக்கு எடுத்துப் போகிறோம் என்று பாட்டிலில் இறுக மூடி வைக்கக் கூடாது. பஸ் சூட்டில் புளித்து, வாயு அடைத்து, பாட்டில் வெடிக்கும் அபாயம் உண்டு. சர்க்கரை நோயாளிகள் இது மரத்துச் சாறுதானே என்று நினைத்து வயிறு நிறையக் குடிக்க வேண்டாம். உள்ளே இருப்பதும் சர்க்கரைதான்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. ஆனால் வெட்டாமல் மரத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, ஏறவும் ஆள் வேண்டும். பனையேறிகளின் பிள்ளைகள் வேறு வேலை தேடி வெளியூர் போய்விடுவதால், பாளை விட்டும் சீவ ஆள் இல்லாமல் நிற்கிற மரங்கள் ஏராளம்.

அடுத்த முறை பட்டையில் பதநீர் குடிக்கும்போது நாக்கில் லேசாக சுண்ணாம்பு தட்டினால் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அன்றைக்கு மரம் ஏறியவர் கணக்கு தவறவில்லை என்று அர்த்தம்.