ஏழு மீட்டர் அகலம் காத்த கப்பல்

ஸ்வீடனின் மேற்குக் கரையில் இருக்கும் கோத்தன்பர்க்கிலிருந்து கிழக்கே தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கு ரயிலில் போக மூன்று மணி நேரம் போல ஆகும். அதே இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஆறு, ஏரி, கால்வாய், கடலோரம் என்று மாறிமாறிச் செல்லும் அறுநூறு கிலோமீட்டர் நீர்வழி ஒன்று உண்டு. அதில் நான்கு நாள் எடுத்துக்கொண்டு போகும் பயணிக் கப்பல்கள் கோடைதோறும் ஓடுகின்றன. 1874-இல் கட்டிய ஜூனோ, 1912-இல் கட்டிய வில்ஹெல்ம் தாம், 1931-இல் கட்டிய டயானா ஆகிய மூன்றும் நீராவிக் கப்பல்களாகவே பிறந்தவை. இரவு தங்கும் அறைகளோடு பயணிகளை ஏற்றிச்செல்லும் கப்பல்களில், உலகில் இன்று பதிவில் இருப்பவற்றுள் மிகப் பழையதாக ஜூனோவைச் சொல்கிறார்கள். இந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே அமைதி, நிதானம், அவசரமில்லாத வாழ்க்கை என்று போய்விடுகிறது. அமைதி இருப்பது உண்மைதான். ஆனால் அமைதி எத்தனையோ நாடுகளின் ஆறுகளில் கிடைக்கிறது. அங்கெல்லாம் 1874-ஆம் ஆண்டுக் கப்பல் மிஞ்சவில்லை, இங்கே மிஞ்சியிருக்கிறது. அதற்குக் காரணம், அந்தக் கால்வாய் வணிகத்தில் தோற்றுப்போனதும், தோற்றதால் அதன் கல் சுவர்களை யாரும் இடித்து அகலப்படுத்தாமல் விட்டதும்தான் என்பது என் வாதம்.

அந்தக் கால்வாயின் பெயர் யோத்தா கால்வாய். வேனர்ன் ஏரிக்கரையில் உள்ள ஷோத்தோர்ப்பில் தொடங்கி பால்டிக் கடலோரம் மேம் என்ற இடத்தில் முடிகிறது. நீளம் 190 கிலோமீட்டர். அதில் 87 கிலோமீட்டர் மனிதர் வெட்டியது, மீதி இயற்கையான ஏரிகள். நாட்டின் நடுவே இப்படி ஒரு வழி வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பின்னால் ஒரு சுங்கச்சாவடி இருந்தது. வடகடலுக்கும் பால்டிக்குக்கும் இடையே கப்பல் போக வேண்டுமானால், ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் நடுவே உள்ள குறுகிய நீரிணையைக் கடந்தாக வேண்டும். அங்கே வரி வாங்கியது டென்மார்க். நம் தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை எழுப்பினார்களே, அதே டென்மார்க்தான். அந்த வரியையும், போர் வந்தால் நீரிணை அடைபடும் என்ற பயத்தையும் ஒரே வெட்டில் தவிர்க்க நினைத்தவர் கடற்படை அதிகாரி பால்ட்சர் ஃபோன் பிளாட்டன். அவர் 1808-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டை வரவழைத்து நிலத்தை அளக்கச் சொன்னார். ஸ்காட்லாந்தின் கலிடோனியன் கால்வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர் டெல்ஃபோர்டு. மறு ஆண்டு ஸ்வீடன் போரில் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்தது. தோல்வியில் கிடந்த நாடு 1810-இல் மண்வெட்டியை எடுத்தது.

வேலை 22 ஆண்டு நீண்டது. 16 படைப்பிரிவுகளிலிருந்து சுமார் 58,000 சிப்பாய்கள் முறைவைத்து வந்து வெட்டினார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். கையில் இருந்தது முனையில் மட்டும் இரும்பு பொதித்த மர மண்வாரி. பாறை வந்தால் கருமருந்து. மொத்த உழைப்பு ஏறக்குறைய 70 லட்சம் ஆள்-நாள் என்று கணக்கிடுகிறார்கள். செலவு முதல் மதிப்பீட்டைப் போலப் பல மடங்கானது. 1829 டிசம்பரில் பிளாட்டன் இறந்தார். மோட்டாலாவில், அவர் வெட்டிய நீரின் கரையிலேயே அவரைப் புதைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1832 செப்டம்பர் 26 அன்று, மேம் என்ற அந்தக் கடைமுனையில் மன்னர் பதினான்காம் கார்ல் யோஹான் கால்வாயைத் திறந்துவைத்தார்.

கால்வாயின் உயிர் லாக்குகளில் இருக்கிறது. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு கல் தொட்டி. கப்பல் கீழ்மட்டத்திலிருந்து உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். மேலேயிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் தொட்டி நிரம்பும், கப்பலும் கூடவே எழும். மேல்மட்டத்தைத் தொட்டதும் முன்கதவு திறக்கும். இறங்குவதற்கு இதையே திருப்பிச் செய்ய வேண்டும். கப்பலைத் தூக்குவதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை, மேட்டு ஏரியின் தண்ணீரும் அதன் எடையும் போதும். கடல்மட்டத்திலிருந்து 44 மீட்டர் உயரத்தில் கிடக்கும் வேனர்ன் ஏரியிலிருந்து கால்வாய் படிப்படியாக ஏறி, விக்கன் ஏரியில் ஏறக்குறைய 92 மீட்டரைத் தொடுகிறது. அதன்பின் ஃபோர்ஸ்விக்கில் முதல் இறக்கம். 1813-இல் கட்டிய அந்த லாக்தான் இந்தக் கால்வாயிலேயே மூத்தது. அப்புறம் வேட்டர்ன் என்ற பெரிய ஏரி, அதன் மறுகரையில் மோட்டாலா, பிறகு கடல்வரை இறக்கம்தான். மேற்கே 21, கிழக்கே 37 என்று கால்வாயில் மட்டும் 58 லாக்குகள். முழுப் பயணத்தையும் சேர்த்தால் 66. பெரும்பாலானவற்றின் கதவுகள் இன்று மின்சாரத்தில் திறக்கின்றன. டோட்டோர்ப், போரன்ஸ்பெர்க் ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் இப்போதும் ஆள்தான் கையால் சுற்றித் திறக்க வேண்டும்.

பெர்க் என்ற இடத்தில் ஏழு லாக்குகள் படிக்கட்டாக ஒன்றன்கீழ் ஒன்று தொடுத்திருக்கின்றன. கிட்டத்தட்ட 19 மீட்டர் இறக்கம். அங்கே ஜூனோ நுழைவதைக் கொஞ்சம் உற்றுக் கவனித்தால் என் வாதத்தின் பாதி புரிந்துவிடும். லாக்கின் அகலம் ஏழு மீட்டரை ஒட்டியது. ஜூனோவின் அகலம் 6.68 மீட்டர். இருபுறமும் கல்லுக்கும் கப்பலுக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு சாண் இடம், அவ்வளவே. முன்னும் பின்னும் கூடப் பெரிய இடைவெளி கிடையாது. கப்பல் ஊர்ந்துதான் வரும். விளிம்பில் தொங்கும் மரத்தடுப்புகள் சுவரில் உரசி முனகும். பணியாள் ஒருவர் கயிற்றோடு கரைக்குத் தாவி, கல்லில் பதித்த கொக்கியில் மாட்டி, தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே போவார். ஒரு நொடி அவர் தளர்த்த மறந்தால் கப்பல் சாயும். பயணிகள் இறங்கிக் கரையோரமாக நடந்து அடுத்த லாக்கில் ஏறிக்கொள்ளலாம், நடப்பவர்தான் முதலில் போய்ச் சேருவார். தச்சன் அளவெடுத்துச் செய்த இழுப்பறை மேசைக்குள் பொருந்துவதுபோல, இந்தக் கப்பல் இந்தத் தொட்டிக்காகவே செய்யப்பட்டது. வேறு எந்த நீர்வழிக்காகவும் ஒரு கப்பலை 6.68 மீட்டர் அகலத்தில் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

இனி அந்தத் தோல்விக்கு வருகிறேன். கால்வாயை வெட்டவைத்த டென்மார்க்கின் நீரிணை வரி 1857-இல் ஒழிக்கப்பட்டது. கோத்தன்பர்க்கையும் ஸ்டாக்ஹோமையும் இணைக்கும் ரயில் பாதை 1862-இல் முழுமை பெற்றது. வரியைத் தவிர்ப்பது, நாட்டுக்குள்ளேயே ஒரு வழி என்று கால்வாய்க்கு இருந்த இரண்டு நியாயங்களும் திறந்து முப்பதே ஆண்டில் போயின. ரயிலுக்குப் பனிக்காலம் ஒரு தடையில்லை. கால்வாயோ உறைந்து மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். சரக்குப் படகுகள் அதன்பிறகும் ஒரு நூற்றாண்டு ஓடின, அமெரிக்காவுக்குக் கப்பலேறப் போன எத்தனையோ குடும்பங்கள் இந்த வழியாகத்தான் கோத்தன்பர்க் வந்து சேர்ந்தன. ஆனால் பணம் போட்டுப் பெரிதாக்கும் அளவுக்கு அது ஒருநாளும் சம்பாதிக்கவில்லை.

வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு ஊகம் வேண்டாம், அதே பயணத்தின் முதல் நாளிலேயே சாட்சி இருக்கிறது. கோத்தன்பர்க்கிலிருந்து வேனர்ன் ஏரிக்குப் போகும் வழியில் ட்ரோல்ஹெட்டன் அருவியைச் சுற்றிக்கொண்டு ஒரு கால்வாய் போகிறது. அது வணிகத்தில் வென்றது. 1800-இல் அங்கே முதல் லாக்குகளைக் கட்டினார்கள். கப்பல்கள் பெருகியதும் 1844-இல் புதிய வரிசை ஒன்று வந்தது, அது யோத்தா கால்வாயின் அளவை ஒட்டியே அமைந்தது. அதுவும் போதாமல் 1916-இல் மூன்றாவது வரிசை, ஏறக்குறைய 90 மீட்டர் நீளக் கப்பல் நுழையும் அளவுக்கு. பழைய இரண்டு வரிசைகளும் இன்று பூங்காவுக்குள் பார்வைப்பொருளாக நிற்கின்றன. அவற்றுக்கென்று அளவெடுத்த கப்பல்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. பெரிய லாக் வந்தால் பெரிய கப்பல் வரும், பெரிய கப்பல் வந்தால் சின்னது உடைப்புக்குப் போகும். யோத்தா கால்வாயில் இந்தச் சங்கிலி தொடங்கவே இல்லை. ஏழு மீட்டர் அகலம் ஏழு மீட்டராகவே நின்றது. ஜூனோவைவிடப் பெரிய கப்பலை யாராலும் உள்ளே கொண்டுவர முடியவில்லை, ஆகவே ஜூனோவைத் தூக்கிப்போட யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. அந்தக் கப்பல் பிறந்த மோட்டாலா பட்டறைகூடக் கால்வாயின் பிள்ளைதான். வெட்டும் வேலைக்குக் கருவி வேண்டும், கதவுக்கு இரும்பு வேண்டும் என்று 1822-இல் அங்கே தொடங்கிய பட்டறை, பின்னாளில் ஸ்வீடனின் பெரிய இயந்திரத் தொழிற்சாலைகளில் ஒன்றாக வளர்ந்தது. வில்ஹெல்ம் தாமும் அங்கேதான் கட்டப்பட்டது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. முதல் மறுப்பு: ஜூனோ இன்று நீராவியில் ஓடவில்லை. 1950-களில் கொதிகலனை எடுத்துவிட்டு டீசல் இயந்திரம் வைத்தார்கள். இயந்திரம் மாறிய பிறகு அதைப் பழைய கப்பல் என்று எப்படிச் சொல்வது? நீராவிப் பிரியர்களுக்கு இது பெரிய இழப்பு என்பதை நான் மறுக்கவில்லை. பித்தளையும் எண்ணெய் வாசனையுமாக இருந்த அந்த இயந்திர அறையை இனி யாரும் பார்க்க முடியாது. ஆனால் இந்தக் கப்பலுக்கு அதன் குணத்தைக் கொடுத்தது எது என்று கேட்டுப்பார்க்க வேண்டும். அகலம், நீளம், மூன்று தளங்களை நெருக்கி அடுக்கிய விதம், இரண்டு பேர் ஒரே சமயத்தில் நின்று உடைமாற்ற முடியாத அறை, ஒன்றன்மேல் ஒன்றான படுக்கை, நடைவழியில் இருக்கும் பொதுக் கழிப்பறையும் குளியலறையும் எல்லாம் லாக்கின் அளவிலிருந்து வந்தவை. வேகத்தைக்கூட இயந்திரம் தீர்மானிப்பதில்லை. கரை அரிக்காமலிருக்க, வெட்டிய பகுதியில் மணிக்கு ஐந்து கடல்மைலுக்குமேல் போகக் கூடாது என்பது விதி, அதாவது ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். கொதிகலன் இருந்தாலும் இதே வேகம்தான். நாளை டீசலை எடுத்துவிட்டு மின்கலம் வைத்தால் புகையும் சத்தமும் குறையும், கப்பல் ஜூனோவாகவே இருக்கும். அந்த மாற்றம் வருமானால் அதை நான் வரவேற்பேன்.

இரண்டாவது மறுப்பு என்னை இன்னும் அதிகமாகத் தொடுகிறது. சிப்பாய்கள் பன்னிரண்டு மணி நேரம் வெட்டிய வாய்க்காலில் இன்று காசுள்ளவர்கள் வெள்ளைத் துணி விரித்த மேசையில் சாப்பிட்டபடி போகிறார்கள், இதில் கொண்டாட என்ன இருக்கிறது என்ற கேள்வி அது. கட்டணம் அதிகம் என்பது உண்மை. ஐம்பது பேருக்குச் சற்று முன்பின்னாக மட்டுமே ஏறக்கூடிய கப்பலில், ஆண்டில் நான்கைந்து மாதமே ஓடும் தொழிலில், கட்டணம் குறைய வழியில்லை. ஆனால் கால்வாய் அந்த ஐம்பது பேருக்கு மட்டும் சொந்தமில்லை. காளைகளும் குதிரைகளும் படகிழுத்த கரைப்பாதை இன்று சைக்கிள் பாதை, அதில் போக யாருக்கும் சீட்டு வேண்டாம். பெர்க்கிலும் ஷோத்தோர்ப்பிலும் லாக்கைச் சுற்றி ஐஸ்கிரீமும் கையுமாக நிற்கும் குடும்பங்கள், கப்பலில் இருப்பவர்களைவிடத் தெளிவாகவே அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறார்கள். எனக்குக் குறை வேறு இடத்தில் தெரிகிறது. பிளாட்டனுக்குக் கல்லறையும் புகழும் உண்டு, அந்த 58,000 பேரில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. அந்தக் கதையைக் கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் விரிவாகச் சொல்ல வேண்டும், மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்ல வேண்டும்.

கப்பலைக் கரையில் கட்டி அருங்காட்சியகமாக்கிவிட்டு, மூன்று லாக்கை மட்டும் பகல்நேரப் படகு விட்டுக் காட்டினால் போதாதா என்றும் கேட்கலாம். மூன்று லாக்கில் கப்பல் ஏறுவதைப் பார்க்கலாம், ஆனால் கால்வாயின் கருத்து விளங்காது. ஒரு கடலிலிருந்து புறப்பட்டு, நாட்டின் நடுவில் காட்டுக்குள் 92 மீட்டர் உயரத்துக்கு ஏறி, மறுபக்கம் இன்னொரு கடலில் இறங்குவதுதான் பிளாட்டன் நினைத்த காரியம். விளிம்பில்லாத கடலாகத் தெரியும் வேனர்ன் ஏரியிலிருந்து, கிளைகள் தளத்தை உரசும் ஒற்றைக் கப்பல் அகல வாய்க்காலுக்குள் நுழையும்போதுதான் எத்தனை பெரிய வேலை அது என்று உடம்புக்கே தெரியும். அதற்கு நாள்கள் தேவை.

பராமரிப்பு என்ற கணக்கும் இருக்கிறது. கால்வாய் நிறுவனத்தை 1978-இல் அரசு எடுத்துக்கொண்டது, வருமானத்தில் மட்டும் அந்தக் கல்லைக் காக்க முடியாது என்பதால். யாரும் போகாத லாக்கில் ஒரு கதவு ஒழுகினால், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட எந்த அலுவலகத்துக்கும் மனம் வரும். இங்கே அது நடக்காது. 58-இல் ஒன்று திறக்காவிட்டாலும் கடலிலிருந்து கடலுக்குப் போகும் கப்பல் நின்றுவிடும். ஆகவே குளிர்காலத்தில் பகுதி பகுதியாகத் தண்ணீரை வடித்து, பெயர்ந்த கல்லை எடுத்துக் கட்டி, ஒழுகும் கதவைச் சீராக்குகிறார்கள். அடுத்த கோடையின் பயணத் தேதிகளோ முன்கூட்டியே அச்சாகி, சீட்டும் விற்கத் தொடங்கியிருக்கும். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்தத் தேதிக்குள் தண்ணீரைத் திரும்ப விட்டாக வேண்டும்.