வரைபடம் இருக்கிறது, செய்த கை இல்லை

“1969-லேயே போனவர்களால் இன்று ஏன் போக முடியவில்லை?” நிலவுப் பயணம் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கொடி எப்படி அசைந்தது, படத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை என்பவற்றுக்குப் பள்ளிக்கூட அறிவியலிலேயே பதில் உண்டு. இந்தக் கேள்வி அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. 1972 டிசம்பரில் யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் கிளம்பி வந்த பிறகு நிலவின் மண்ணில் மனிதக் கால் படவில்லை. கணினி, உலோகம், மின்னணு எல்லாம் அப்போதிருந்ததைவிட எங்கோ போய்விட்ட காலத்தில் இப்படி என்றால், கேட்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். போதாக்குறைக்கு நாசாவின் விண்வெளி வீரர் டான் பெட்டிட்டே ஒரு பேட்டியில், நிலவுக்குப் போகும் தொழில்நுட்பம் இப்போது நம்மிடம் இல்லை, அதை அழித்துவிட்டோம், திரும்பக் கட்டுவது வேதனையான வேலை என்ற பொருள்படப் பேசினார். சந்தேகக்காரர்கள் அந்தப் பேச்சை ஒப்புதல் வாக்குமூலம்போல ஊரெங்கும் சுற்றவிட்டார்கள்.

என் பார்வையில் பெட்டிட் சொன்னது முழு உண்மை. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு முழுத் தவறு. செய்யத் தெரிந்த ஒன்றை மனிதர்கள் மறந்துபோவது வரலாற்றில் சர்வசாதாரணம். எப்படி மறந்தார்கள் என்று கிட்டப்போய்ப் பார்த்தால், அன்று அதைச் செய்தார்கள் என்பதற்கான சாட்சியமும் அங்கேயே கிடைக்கிறது.

கலிஃபோர்னியாவின் கனோகா பார்க்கில் இருந்த ராக்கெட்டைன் தொழிற்சாலையிலிருந்து தொடங்குகிறேன். 110 மீட்டர் உயரமான சாட்டர்ன் 5 ராக்கெட்டின் அடியில் இருந்த ஐந்து எஃப்-1 இன்ஜின்களும் அங்கே பிறந்தவை. ஒரு இன்ஜினின் உந்துவிசை சுமார் 680 டன். மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் சேர்த்து நொடிக்கு இரண்டரை டன்னுக்கு மேல் குடிக்கும். அவ்வளவு பெரிய நெருப்பு ஒரே அறைக்குள் எரியும்போது அடங்கி எரிய மறுத்தது. அழுத்தம் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு அலைபோல மோதித் தெறித்து, கண் மூடித் திறப்பதற்குள் இன்ஜினையே தின்றுவிடும். 1962-ல் சோதனை மேடையிலேயே இன்ஜின் சிதறியது. சந்திரத் திட்டமே அங்கே முட்டிக்கொண்டு நின்றது.

இதற்கு அவர்கள் கண்ட வழியை எப்போது படித்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. எரிந்துகொண்டிருக்கும் இன்ஜினுக்குள் சிறிய வெடிகுண்டு ஒன்றை வெடிக்க வைத்து, வேண்டுமென்றே நெருப்பைக் குலைத்தார்கள். குலைந்த நெருப்பு தானாக அடங்குகிறதா என்று பார்த்தார்கள். எரிபொருளைப் பீய்ச்சும் தகட்டில் செம்புத் தடுப்புகளை வைத்தார்கள், துளைகளின் அளவையும் சாய்வையும் மாற்றினார்கள், மறுபடி வெடித்தார்கள். முழு அளவு இன்ஜினில் மட்டும் ஏறத்தாழ 2,000 சோதனைகள். கடைசியில் பத்தில் ஒரு நொடிக்குள் நெருப்பு தானே அமைதியாகும் வடிவம் கைக்கு வந்தது. அது ஏன் அமைதியாகிறது என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டும் வல்லமை அன்று யாருக்கும் இல்லை. செய்து செய்து பார்த்துக் கிடைத்த அறிவு அது.

நிலவுக்கு யாரும் போகவில்லை என்ற வாதத்தை 1976-ல் புத்தகமாக எழுதிப் பரப்பிய பில் கேசிங், இதே ராக்கெட்டைனில் தொழில்நுட்ப ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவர். 1963-ல் அங்கிருந்து விலகினார். அதாவது, இன்ஜின் இன்னும் அடங்காமல் முரண்டு பிடித்த காலத்தில். நெருப்பு வசப்பட்டது அவர் போன பிறகு.

சாட்டர்ன் 5 மொத்தம் 13 முறை கிளம்பியது. 65 எஃப்-1 இன்ஜின்களில் ஒன்றுகூடப் பறக்கும்போது கைவிடவில்லை. அவற்றை இணைத்துக் கட்டியது மனிதக் கை. எரியறையின் சுவர் முழுத் தகடாக வார்த்ததல்ல. உள்ளே எரிபொருள் ஓடிச் சுவரைக் குளிர்விக்கும்படி 178 மெல்லிய உலோகக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, உலையில் வைத்து ஒட்டியது. அதற்கு வெளியே ஆயிரக்கணக்கில் கைவெல்டிங். ஒரு இணைப்பு சற்றே பொருந்தாமல் போனால் வெல்டர் தன் அனுபவத்தில் அதைச் சரிசெய்வார். அந்தத் திருத்தம் அவர் குறிப்பேட்டில் இருக்கும், அல்லது அவர் மனதில் இருக்கும். அலுவலக வரைபடத்துக்கு வந்து சேராது. ஆகவே ஒவ்வொரு இன்ஜினும் கொஞ்சம் தனி ஜாதி.

பிறகு நடந்தது விபத்தல்ல, முடிவு. ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, 1968 ஆகஸ்டில், சாட்டர்ன் 5 உற்பத்தியை 15-வது ராக்கெட்டோடு நிறுத்துவதென்று நாசா தீர்மானித்துவிட்டது. 1966-ல் அமெரிக்க அரசின் செலவில் 4.4 சதவீதம் நாசாவுக்குப் போனது. இன்று அது அரை சதவீதத்துக்கும் கீழே. அப்போலோவுக்காக உழைத்த சுமார் 4 லட்சம் பேர் வேறு வேலை தேடிக் கலைந்தார்கள். வால்வு செய்த சிறு கம்பெனிகள் வேறு சரக்குக்கு மாறின, இல்லையேல் மூடின. எஞ்சிய ராக்கெட்டுகள் ஹூஸ்டனிலும் ஹன்ட்ஸ்வில்லிலும் கென்னடி மையத்திலும் காட்சிப் பொருளாகப் படுத்துக்கொண்டன. சாட்டர்னின் வரைபடங்களை எரித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய். ஹன்ட்ஸ்வில்லின் மார்ஷல் மையத்தில் அவை மைக்ரோஃபிலிமில் பத்திரமாக இருக்கின்றன.

வரைபடம் இருந்தும் என்ன? அதே மார்ஷல் மையத்தின் இளம் பொறியாளர்கள் சிலர், எஃப்-1 போன்ற இன்ஜின் மறுபடி தேவைப்படலாம் என்ற பேச்சு வந்தபோது, கிடங்கில் கிடந்த பழைய இன்ஜின் ஒன்றைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அவர்களில் பலர் அப்போலோ முடிந்த பிறகு பிறந்தவர்கள். காகிதத்தில் இருந்ததும் கையில் இருந்ததும் அங்கங்கே ஒத்துப்போகவில்லை. கடைசியில் பாகங்களை ஒளிக்கதிரால் ஸ்கேன் செய்து, பொருளிலிருந்து புதிதாக வரைபடம் எடுக்க வேண்டியிருந்தது. 2013 ஜனவரியில் பழைய எஃப்-1 இன்ஜினின் எரிவாயு உற்பத்திப் பகுதியை மட்டும் சோதனை மேடையில் ஏற்றிப் பற்றவைத்தார்கள். பல பத்தாண்டுத் தூக்கத்துக்குப் பிறகு அது ஒழுங்காக எரிந்தது. போலியாகச் செய்துவைத்த இன்ஜின் எரியாது. சந்தேகக்காரர்கள் இந்த நிகழ்வைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

வெப்பக் கவசத்தின் கதையும் இதேதான். நிலவிலிருந்து திரும்பும் கலம் மணிக்கு ஏறத்தாழ 40,000 கி.மீ. வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் பாய்கிறது. அப்போலோ கலத்தின் அடியில் தேன்கூடு போன்ற அமைப்பை ஒட்டி, அதன் 3,70,000 சொச்சம் அறைகளில் ‘அவ்கோட்’ என்ற பிசினை ஒவ்வொன்றாகக் கைத்துப்பாக்கியால் நிரப்பினார்கள். எக்ஸ்-ரேயில் குமிழி தெரிந்தால் அந்த அறையைச் சுரண்டி எடுத்து மறுபடி நிரப்ப வேண்டும். அப்போலோ முடிந்ததும் அந்தப் பிசினைக் கேட்க ஆளில்லை. மறுபடி நிலவுக்குப் போகக் கட்டிய ஓரியன் கலத்துக்காக நாசா அதைத் தேடிப் போனபோது, மறுபடி தயாரிக்கக் கற்றுக்கொள்ளவே பாடுபட வேண்டியிருந்தது. 2014-ல் பழைய முறையில் அறை அறையாக நிரப்பி ஓரியனை அனுப்பிப் பார்த்தார்கள். மெனக்கெடல் அதிகம் என்பதால் அடுத்து அதே பொருளைக் கட்டிகளாக வார்த்து ஒட்டினார்கள். ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தில் ஆட்கள் இல்லாமல் நிலவைச் சுற்றி 2022 டிசம்பரில் திரும்பிய ஓரியனின் கவசம் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் பெயர்ந்திருந்தது. பிசின் சூடாகும்போது உள்ளே உண்டாகும் வாயு கசிந்து வெளியேற வழியில்லாத இடங்களில் அழுத்தம் கூடி வெடித்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொல்ல நாசாவுக்கு ஈராண்டு பிடித்தது. பொருள் பழையது, வார்க்கும் விதமும் வளிமண்டலத்துக்குள் நுழையும் பாதையும் புதியவை. பழைய வெற்றி புதியதற்கு உத்தரவாதம் தரவில்லை.

விண்வெளிக்கு வெளியேயும் ஒன்று சொல்ல வேண்டும், இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது என்பதால். அமெரிக்க அணுகுண்டு ஒன்றில் பயன்பட்ட ‘ஃபாக்பேங்க்’ என்ற பொருளைச் செய்த ஆலையை வேலை முடிந்ததென்று மூடிவிட்டார்கள். 2000-க்குப் பிறகு மீண்டும் தேவைப்பட்டபோது, குறிப்புகளைப் பார்த்துச் செய்தும் பொருள் சரியாக அமையவில்லை. பழைய மூலப்பொருளில் இருந்த ஒரு கலப்படந்தான் அதற்கு உயிர் என்பது பிற்பாடு தெரிந்தது. நவீன ஆலை அதை நன்றாகச் சுத்தம் செய்து நீக்கிக்கொண்டிருந்தது. முதலில் செய்தவர்களுக்கே அந்தக் கலப்படத்தின் அருமை தெரிந்திருக்கவில்லை. தெரியாததை அவர்கள் எப்படி எழுதிவைத்திருப்பார்கள்?

ரஷ்யாவின் நிலை இன்னும் வருத்தம் தருவது. சோவியத் யூனியனின் லூனா 24 ஆளில்லாமல் 1976-ல் நிலவில் இறங்கி, 170 கிராம் மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பியது. அடுத்த லூனா 25 கிளம்பியது 2023 ஆகஸ்டில், 47 ஆண்டுகள் கழித்து. 84 நொடி எரிந்து நிற்க வேண்டிய இன்ஜின் 127 நொடி எரிந்தது. கலம் நிலவில் மோதி நொறுங்கியது. அன்று செய்தது இன்று முடியவில்லை. அதை வைத்து லூனா 24 பொய் என்று யாராவது சொல்கிறார்களா? 1960-ல் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் கடலின் மிக ஆழமான இடத்தைத் தொட்டுத் திரும்பினார்கள். அடுத்த மனிதர், ஜேம்ஸ் கேமரூன், அங்கே போனது 2012-ல். நடுவில் 52 ஆண்டுகள். அந்தப் பயணத்தையும் யாரும் சந்தேகிப்பதில்லை. செலவு செய்ய ஆளில்லாதபோது போகவில்லை, அவ்வளவுதான்.

நாசாவின் பக்கமும் குறை உண்டு. அதை மறைத்துப் பேசக் கூடாது. அப்போலோ 11 அனுப்பிய காட்சிகளின் மூல நாடாக்களை, நாடாத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அழித்து வேறு பதிவுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். ஒளிபரப்பான பிரதிகள் பிழைத்தன. 2009-ல் அவற்றிலிருந்துதான் காட்சிகளைச் செப்பனிட்டார்கள். மனித இனத்தின் சொத்தான ஒரு பதிவை அலுவலக நாடாவாகப் பார்த்த அலட்சியம் அது. சந்தேகத்துக்கு அது போட்ட தீனி இன்னும் தீரவில்லை.

சான்றுகளில் நிலவில் வைத்த லேசர் பிரதிபலிப்பான்களை முதலில் காட்டுவது வழக்கம். ஆளில்லாத சோவியத் வண்டிகளும் அவற்றை வைத்திருக்கின்றன என்பதால் நான் அதை முதன்மையாக வைக்க மாட்டேன். கற்கள் வேறு. அப்போலோ கொண்டுவந்தது 382 கிலோ. சோவியத் இயந்திரங்கள் மூன்று பயணத்திலும் சேர்த்துக் கொண்டுவந்தது 300 கிராமுக்குச் சற்று மேல். 2013-ல் அட்லாண்டிக் கடலடியிலிருந்து ஜெஃப் பெசோஸின் குழு மீட்ட எஃப்-1 பாகங்களில் ஒன்றில், துருவுக்கு அடியில், 2044 என்ற எண் தெரிந்தது. அப்போலோ 11-ஐத் தூக்கிய இன்ஜினின் எண் அது. நம் சந்திரயான் 2-ன் கேமரா 2021-ல் அப்போலோ 11, 12 இறங்கிய இடங்களை மேலிருந்து படமெடுத்தது. இறங்கு மேடைகள் அங்கேயே நிற்கின்றன.

அப்போலோ கொண்டுவந்த கற்களுக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. நிலவின் மேட்டு நிலம் அனார்த்தசைட் என்னும் பாறையால் ஆனது என்பதை அப்போலோ கற்கள் காட்டின. அதே வகைப் பாறை சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது. அதை அரைத்து, அப்போலோ 16 மண்ணோடு ஒப்பிட்டுத்தான் இஸ்ரோ தன் சோதனைக் களத்துக்கு நிலவு மண் தயாரித்தது. அந்த மண்ணில் சோதித்துப் பழகிய சந்திரயான் 2-ன் இறங்குகலம் விக்ரம் 2019-ல் நொறுங்கியது. நான்கே ஆண்டில், 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் தலைமையில் சந்திரயான் 3 இறங்கியது. லூனா 25 விழுந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தோற்றபோது எங்கே தவறினோம் என்று அறிந்தவர்களில் பலர் அதே மேசையில் இருந்தார்கள். ரஷ்யாவின் 47 ஆண்டில் அந்த மேசையே காலியாகியிருந்தது.

சந்திரயான் 3-ஐத் தூக்கிய ராக்கெட்டில் இரண்டு விகாஸ் இன்ஜின்கள் உண்டு. 1974-ல் பிரான்ஸோடு செய்த ஒப்பந்தப்படி, நம்பி நாராயணன் தலைமையில் நம் பொறியாளர்கள் அங்கே போய், பிரெஞ்சுக்காரர்களின் வைக்கிங் இன்ஜின் வேலையில் கூடவே உழைத்துக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்த தொழில்நுட்பத்தில் பிறந்தது விகாஸ். காகிதத்தை மட்டும் வாங்கி வந்திருந்தால் அது எரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். பக்கத்தில் நின்று, கேட்டு, கை வைத்துப் பழகினார்கள். அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் இன்று ஓய்வில் இருக்கிறார்கள். இஸ்ரோவின் மகேந்திரகிரி இன்ஜின் சோதனை மையத்தில் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அவர்களைத் தேடிப்போய், கோப்பில் எழுதாமல் விட்டதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கனோகா பார்க்கின் வெல்டர்கள் கையில் இருந்ததில் பலவும் கோப்புக்கு வராமலே போயின.